டெஸ்ட்டில் தசம எண்களை ஒப்பிடும்போது எவ்வளவு விடலாம்?

போன சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். "அண்ணே, கணக்கு சரியாத்தான் இருக்கு, ஆனா டெஸ்ட் சிவப்பா வருது." மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால், வாங்கும் சிறு கடை ஒன்றுக்கு அவன் எழுதிக்கொண்டிருக்கும் நிரல் அது. டெஸ்ட் என்பது நிரலின் விடையை எதிர்பார்த்த விடையோடு ஒப்பிடும் சின்னச் சோதனை, ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. 1.1 கிலோவையும் 2.2 கிலோவையும் கூட்டினால் 3.3 வர வேண்டும் என்று டெஸ்ட்டில் எழுதியிருந்தான், வந்தது 3.3000000000000003. எங்கேயோ பார்த்து "வித்தியாசம் 0.01-க்குள் இருந்தால் போதும்" என்று மாற்றினான், உடனே பச்சை. "இப்ப விடலாமாண்ணே?"

ஏன் 0.01, ஏன் 0.001 இல்லை, ஏன் 0.1 இல்லை என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நிரல் எழுத ஆரம்பித்து ஆறு மாதம் ஆனவருக்கும் புரிய வேண்டும் என்பது என் ஆசை. இந்த "எவ்வளவு விடலாம்" என்ற எண்ணைத்தான் டாலரன்ஸ் என்கிறோம்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டிய காலத்தில் பால் நிறுக்கும் இடத்துக்கு நானும் கூடப் போயிருக்கிறேன். வாளியைத் தராசில் மாட்டியதும் தோட்டத்துக் கணக்கரான கிராணியார் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்லுவார். முள் இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அதற்குமேல் பார்க்க அந்தத் தராசால் முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு முழுக் கோடு குறைத்து எழுதிவிட்டால் அம்மா அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார். டாலரன்ஸ் எடுப்பதும் இதே வேலைதான். தராசுக்கே தெரியாத அளவு ஒன்று, அம்மா விட்டுக்கொடுக்க மாட்டாத அளவு ஒன்று, நம் எண் இந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும்.

இந்தக் கடைசி 3 எங்கிருந்து வந்தது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்கிறது. பாதி, கால், அரைக்கால் எல்லாம் அதற்குச் சுத்தமாக வரும், ஆனால் பத்தில் ஒன்று வராது. நமக்கு மூன்றில் ஒன்று 0.3333 என்று முடிவில்லாமல் போவது மாதிரி அதற்கு 0.1 முடிவில்லாமல் போகிறது, ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். நீங்கள் 0.1 என்று எழுதினால் உள்ளே போய் உட்காருவது 0.10000000000000000555 என்று தொடங்கும் ஓர் எண். இப்படி வெட்டுவதற்கான விதிகளை 1985-இல் ஐஇஇஇ 754 என்ற தரமாக எழுதிவைத்தார்கள், அதில் முக்கியப் பங்கு வகித்த வில்லியம் கஹானுக்கு 1989-இல் டூரிங் விருது கிடைத்தது. இன்று நீங்கள் தொடுகிற ஏறக்குறைய எல்லாக் கணினியும் அந்த விதிப்படிதான் நடக்கிறது, அதனால் 3.3000000000000003 என்பது கணினியின் கோளாறு இல்லை, எழுதிவைத்த விதிப்படி வந்த விடை.

மனதில் வைக்க வேண்டியவை இரண்டு எண்கள். டபுள் எனப்படும் 64 பிட் எண்ணில் ஏறக்குறைய 15 முதல் 17 இலக்கம் நம்பலாம், ஒரு தடவை கூட்டினாலோ பெருக்கினாலோ விடையின் அளவில் அதிகபட்சம் 1.1 × 10⁻¹⁶ பங்கு தவறும். ஃபுளோட் எனப்படும் 32 பிட் எண்ணில் ஏறக்குறைய 7 இலக்கம்தான், ஒரு தடவைக்கு 6 × 10⁻⁸ பங்கு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே பெரும்பாலான டாலரன்ஸைக் கையால் கணக்குப் போட்டுவிடலாம்.

முதல் கேள்வி: டாலரன்ஸே தேவையா?

பல இடங்களில் தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் போட்டால் அது பிழைக்கு மறைவிடமாகிவிடும்.

காசுக் கணக்கு அப்படிப்பட்ட இடம். வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, தசம எண்ணாக வைத்து டெஸ்ட்டில் "ஒரு காசு வித்தியாசம் பரவாயில்லை" என்று எழுதாதீர்கள், யாருடைய ஒரு காசு என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. 4.35 வெள்ளியை 100-ஆல் பெருக்கிப் பாருங்கள், டபுளில் 434.99999999999994 வரும். அதை முழு எண்ணாக வெட்டினால் 434 காசு. கிலோ விலையில் ஒரு காசு போய்விட்டது, நூறு கிலோ கொண்டுவந்தவருக்கு ஒரு வெள்ளி போய்விட்டது. தொடக்கத்திலிருந்தே காசை முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பைத்தான் மொழியின் டெசிமல் மாதிரி பத்தின் அடுக்கில் கணக்குப் போடும் வகையைப் பயன்படுத்துங்கள். டெஸ்ட்டில் சமமா இல்லையா, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், நம் மலேசியாவில் 2008 ஏப்ரல் 1-லிருந்து ரொக்கமாகக் கொடுக்கும் மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து காசுக்கு ஒதுக்குகிறோம். 12.32 என்றால் 12.30, 12.33 என்றால் 12.35. ஒதுக்குவதற்கு முந்தைய தொகை 12.325-க்கு மிக அருகில் இருந்தால், 16-ஆவது இலக்கத்தில் வரும் தவறே ஐந்து காசு வித்தியாசமாகக் குதித்துவிடும். டாலரன்ஸை இறுக்கினால் இந்தக் குதிப்பாலேயே டெஸ்ட் சிவப்பாகிவிடும், தளர்த்தினால் ஒதுக்கும் விதியே தவறாக இருந்தாலும் டெஸ்ட் பச்சையாகிவிடும். ஒதுக்குவதற்கு முன்னால் உள்ள எண்ணைத் தனியாகச் சோதியுங்கள், ஒதுக்கும் விதியை முழுக் காசுகளில் தனியாகச் சோதியுங்கள்.

கணக்கே நடக்காத இடத்திலும் டாலரன்ஸ் வேண்டாம். ஓர் எண்ணைச் சேமித்துவிட்டுத் திரும்பப் படிக்கிறீர்கள் என்றால் அதே எண், கடைசி பிட் வரைக்கும், திரும்ப வர வேண்டும். ஒரு பட்டியலில் மிகப் பெரியதைத் தேடி எடுப்பதும் அப்படித்தான். முழு எண்களை டபுளில் வைத்துக் கூட்டினாலும், தொகை 9,007,199,254,740,992-ஐத் தாண்டாத வரைக்கும் ஒன்றும் தவறாது.

இரண்டு எல்லைகளையும் எண்ணாக எழுதுங்கள்

டாலரன்ஸ் வேண்டும் என்று முடிவானால் தாள் எடுங்கள். நிஜமாகவே தாள்தான், தம்பிக்கும் பள்ளி நோட்டின் பின்பக்கத்தில்தான் போட்டுக் காட்டினேன்.

அவன் கடையில் ஒரு மாதத்தில் சுமார் 1,000 நிறுவை, மொத்தம் சுமார் 40,000 கிலோ என்று வைத்துக்கொண்டோம். கீழ் எல்லை என்பது, நிரல் முழுக்கச் சரியாக இருந்தாலும் தசமம் வெட்டுப்படுவதால் மட்டும் வரக்கூடிய வித்தியாசம். ஒவ்வொன்றாகக் கூட்டும்போது மோசமான நிலைக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு, எத்தனை தடவை கூட்டுகிறோமோ அதையும், ஒரு தடவைக்கான தவறையும், மொத்தத் தொகையையும் பெருக்குங்கள். 1,000 × 1.1 × 10⁻¹⁶ × 40,000, ஏறக்குறைய 4.4 × 10⁻⁹ கிலோ. நிஜத்தில் இதைவிடக் குறைவாகத்தான் வரும், தவறுகள் கூடுதலும் குறைவுமாக ஒன்றையொன்று கொஞ்சம் அடித்துக்கொள்ளும், ஆனால் எல்லை போடும்போது மோசமானதைத்தான் பார்க்க வேண்டும்.

மேல் எல்லை என்பது, எந்தச் சின்னத் தவறை இந்த டெஸ்ட் கட்டாயம் பிடிக்க வேண்டும் என்பது. இதைக் கணினி சொல்லாது, கடைக்காரரும் பால் கொண்டுவருகிறவரும்தான் சொல்ல வேண்டும். அந்தக் கடைத் தராசு 0.1 கிலோ வரைக்கும் காட்டுகிறது, ஆகவே யாருடைய நிறுவையிலாவது 0.1 கிலோ விட்டுப்போனால் டெஸ்ட் சிவப்பாக வேண்டும். மேல் எல்லை 0.1.

இப்போது இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் பாருங்கள். கீழே ஏறக்குறைய 10⁻⁹, மேலே 10⁻¹. பத்தின் அடுக்குகளில் நடுவை எடுத்தால் 10⁻⁵ கிலோ, அதாவது பத்து மில்லிகிராம். வெட்டுப்படும் தவறைவிட ஆயிரம் மடங்குக்குமேல் பெரியது, அதனால் நாளைக்கு வேறு கணினியில் ஓட்டினாலும் காரணமில்லாமல் சிவப்பாகாது. பிடிக்க வேண்டிய தவறைவிடப் பத்தாயிரம் மடங்கு சின்னது, அதனால் எதுவும் நழுவாது. பெரும்பாலான வேலைகளில் இந்த இடைவெளி இப்படித்தான் தாராளமாக இருக்கும், சரியான எண் ஒன்றே ஒன்றுதான் என்று தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் இடைவெளி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தாக வேண்டும்.

ஏன் என்றால், இதே கணக்கை 32 பிட் எண்ணில் போட்டுப் பாருங்கள். 1,000 × 6 × 10⁻⁸ × 40,000, சுமார் 2.4 கிலோ! கீழ் எல்லை மேல் எல்லையைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு மாதமும் அவ்வளவு தவறும் என்று அர்த்தமில்லை, 0.1-க்குள் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று அர்த்தம். இந்த இடத்தில் எந்த டாலரன்ஸும் உதவாது. டெஸ்ட்டை விட்டுவிட்டு நிரலைத்தான் மாற்ற வேண்டும், டபுளுக்குப் போகலாம், கஹானின் பெயரிலேயே உள்ள ஈடுசெய்து கூட்டும் முறையைப் பயன்படுத்தலாம், துல்லியமாகக் கூட்ட பைத்தானில் எஃப்சம் இருக்கிறது. தாளில் போட்ட மூன்று வரிக் கணக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்பதுதான் எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது.

சரி, தம்பியின் 0.01 என்ன ஆனது? எடைத் தொகைக்கு அது தற்செயலாகப் பிழைத்துக்கொண்டது, 0.1-க்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் அதே 0.01-ஐ அவன் எல்லா டெஸ்ட்டிலும் ஒட்டியிருந்தான், கட்டிப்பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்ற விகிதத்துக்கும். அங்கே 0.52 வர வேண்டிய இடத்தில் 0.529 வந்தாலும் பச்சைதான். ஆயிரம் கிலோவுக்கு ஒன்பது கிலோ ரப்பர் வித்தியாசம். எடைக்கு எடுத்த டாலரன்ஸ் விகிதத்துக்கு ஆகாது. ஒவ்வோர் அளவுக்கும் அதன் அலகில், அதன் எல்லைகளோடு தனியாகப் போட வேண்டும்.

அப்சல்யூட்டா, ரிலேட்டிவா?

வித்தியாசம் இத்தனை கிலோவுக்குள், இத்தனை மீட்டருக்குள் என்று சொன்னால் அது அப்சல்யூட் டாலரன்ஸ். எதிர்பார்த்த எண்ணில் இத்தனை பங்குக்குள் என்று சொன்னால் ரிலேட்டிவ். எண்கள் ஒரே அளவில் இருந்தால் இரண்டும் ஒன்றுதான், சின்னதும் பெரியதும் கலந்து வரும்போதுதான் சிக்கல்.

டபுள் எண்கள் ஒரே இடைவெளியில் நிற்பதில்லை. 1-க்குப் பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 2.2 × 10⁻¹⁶ இடைவெளி, 40,000 பக்கம் வந்தால் 7.3 × 10⁻¹², நூறு கோடி பக்கம் போனால் 1.2 × 10⁻⁷. ஆகவே நூறு கோடி அளவுள்ள எண்ணுக்கு "வித்தியாசம் 10⁻⁹-க்குள்" என்று எழுதினால், அது கடைசி பிட் வரை சமமாக இரு என்று சொல்வதுதான், அதைவிடச் சின்ன வித்தியாசமே அங்கே கிடையாது. அதே 10⁻⁹-ஐ 10⁻¹² அளவில் வரும் விடைக்குப் போட்டால் நிரல் வெறும் பூஜ்யத்தைக் கொடுத்தாலும் பச்சை. இப்படிப்பட்ட இடத்துக்கு ரிலேட்டிவ்தான் பொருத்தம்.

அதனால் எப்போதும் ரிலேட்டிவே போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். நான் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்கான வரைபட வேலையில் இருக்கிறேன், மரம் நிற்கிற இடத்தை அட்சரேகை தீர்க்கரேகையாக வைத்துக்கொள்வோம். எங்கள் ஊர் ஏறக்குறைய வடக்கே 4.8 டிகிரி, கிழக்கே 101 டிகிரி. பைத்தானில் டெஸ்ட் எழுத உதவும் பைடெஸ்ட்டில் அப்ராக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, எதுவும் சொல்லாவிட்டால் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கை ரிலேட்டிவாக எடுத்துக்கொள்ளும். கேட்க இறுக்கமாகத் தெரிகிறது. 101-க்கு அது 0.0001 டிகிரி, தரையில் அளந்தால் ஏறக்குறைய 11 மீட்டர். செம்பனையைச் சுமார் 9 மீட்டர் இடைவெளியில்தான் நடுகிறோம், அதனால் நிரல் பக்கத்து மரத்தைக் காட்டினாலும் டெஸ்ட் பச்சை. அட்சரேகைக்கோ எண் 4.8 என்பதால் அதே அப்ராக்ஸ் அரை மீட்டருக்குள் பிடித்துவிடுகிறது. ஒரே மரம், கிழக்கு மேற்கில் 11 மீட்டர் தளர்ச்சி, வடக்கு தெற்கில் அரை மீட்டர்.

காரணம், தீர்க்கரேகையின் பூஜ்யம் கிரீன்விச்சில் இருக்கிறது, நம் அளவீட்டில் வரும் தவறுக்கும் கிரீன்விச் எவ்வளவு தூரம் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரிலேட்டிவ் டாலரன்ஸ் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த அளவில் பூஜ்யம் என்றால் நிஜமாகவே ஒன்றுமில்லை என்று அர்த்தமா? எடைக்கு ஆம், பரப்பளவுக்கு ஆம், காசுக்கு ஆம். இடத்துக்கும் நேரத்துக்கும் செல்சியஸ் வெப்பநிலைக்கும் இல்லை, அவற்றுக்கெல்லாம் அப்சல்யூட்.

பூஜ்யத்தையே எதிர்பார்க்கும் டெஸ்ட் தனிச் சிக்கல். வந்த சரக்கில் அனுப்பிய சரக்கைக் கழித்தால் மிச்சம் பூஜ்யம் வர வேண்டும், வருவது 5 × 10⁻¹⁷ மாதிரி ஏதோ ஒன்று. பூஜ்யத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கும் பூஜ்யம்தான், ஆகவே ரிலேட்டிவ் எப்போதும் தோற்கும். அப்சல்யூட் போட வேண்டும், அதன் அளவைக் கழிப்பதற்கு முன் இருந்த எண்களைப் பார்த்து எடுக்க வேண்டும், விடையைப் பார்த்து இல்லை. 40,000 கிலோவிலிருந்து 40,000 கிலோவைக் கழித்தால், கழிப்பதற்கு முன்பே அந்த இரண்டு தொகைகளிலும் 10⁻⁹ அளவுக்குத் தவறு ஏறியிருக்கும், விடை பூஜ்யம் என்பதால் அது காணாமல் போகாது. ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும் எந்தச் சூத்திரத்திலும் இதைக் கவனியுங்கள், நிறைய டெஸ்ட் தோற்பது இங்கேதான்.

நூலகம் தானாக எடுத்துக்கொள்ளும் எண்

நூலகம் என்றால் மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு. நாம் டாலரன்ஸ் சொல்லாவிட்டால் அது எந்த எண்ணை எடுக்கும் என்று ஒரு தடவையாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. பைத்தானின் இஸ்குளோஸ் ரிலேட்டிவாக 10⁻⁹ எடுக்கும், அப்சல்யூட் பூஜ்யம், அதனால் பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் தோற்கும். பைடெஸ்ட்டின் அப்ராக்ஸ் ரிலேட்டிவாக 10⁻⁶, அப்சல்யூட்டாக 10⁻¹², இரண்டில் பெரியது. பைத்தானின் கணக்கு நூலகமான நம்பையின் (NumPy) ஆல்குளோஸ் ரிலேட்டிவாக 10⁻⁵, அப்சல்யூட்டாக 10⁻⁸, இரண்டையும் கூட்டிக்கொள்ளும். அதே நம்பையின் டெஸ்ட் பகுதியில் உள்ள அசர்ட் ஆல்குளோஸ் ரிலேட்டிவாக 10⁻⁷, அப்சல்யூட் பூஜ்யம், பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. யூனிட்டெஸ்ட்டின் அசர்ட் ஆல்மோஸ்ட் ஈக்குவல் தசமத்துக்குப் பின் 7 இடம், அது அப்சல்யூட்தான். ஜாவா பக்கம் ஜேயூனிட்டில் டெல்டா என்று நாம் கொடுப்பதும் அப்சல்யூட். கூகிள் டெஸ்ட்டில் எக்ஸ்பெக்ட் டபுள் ஈக்யூ நான்கு எண் தள்ளி நிற்பது வரைக்கும் விடும், எக்ஸ்பெக்ட் நியர் அப்சல்யூட்.

சின்ன எண்களுக்கு எல்லாவற்றிலும் தளர்ச்சியானது ஜாவாஸ்கிரிப்டின் ஜெஸ்ட், டு பி குளோஸ் டு என்று சும்மா எழுதினால் 0.005 வரைக்கும் விட்டுவிடும். மர இடத்துக்கு அதைப் போட்டால் அரை கிலோமீட்டர், பக்கத்துத் தோட்டத்துக்குள் போய்விடுவோம். இவை எதுவும் தவறான எண்கள் இல்லை, நம் வேலையைப் பற்றித் தெரியாதவர்கள் ஏதாவது ஓர் எண் வைத்தாக வேண்டுமே என்று வைத்தவை. டாலரன்ஸை எப்போதும் கையால் எழுதுங்கள்.

நீங்களே ஒப்பீட்டை எழுதுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். "வித்தியாசம் > டாலரன்ஸ் என்றால் தோல்வி" என்று எழுதக் கூடாது. கணக்கு எங்கேயாவது கெட்டு NaN என்கிற 'எண் இல்லை' மதிப்பு வந்துவிட்டால், அதோடு செய்யும் பெரியது, சிறியது, சமம் எல்லா ஒப்பீடும் பொய் என்றே வரும், ஆகவே தோல்வி வராது, டெஸ்ட் பச்சை. திருப்பி எழுதுங்கள்: "வித்தியாசம் <= டாலரன்ஸ் என்றால் மட்டும் வெற்றி."

எதிர்பார்க்கும் எண் எங்கிருந்து வந்தது?

நிரலை ஓட்டி வந்த விடையை அப்படியே டெஸ்ட்டில் ஒட்டிவிட்டு 10⁻¹² என்று டாலரன்ஸ் போடுகிறவர்கள் உண்டு. அந்த டெஸ்ட் "நேற்று வந்ததே இன்றும் வருகிறது" என்றுதான் சொல்லும், நேற்று வந்தது சரியா என்று சொல்லாது. எதிர்பார்க்கும் எண்ணை வேறு வழியில் கண்டுபிடியுங்கள், கையால் போடலாம், டெசிமலில் முப்பது நாற்பது இலக்கத்துக்குப் போடலாம், விடை முன்பே தெரிந்த சின்ன உதாரணம் எடுக்கலாம். அப்புறம், அந்த எண்ணை எத்தனை இலக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 485.62 என்று இரண்டு இடத்தோடு நிறுத்தியிருந்தால் அதிலேயே 0.005 வரை தவறு இருக்கிறது, டாலரன்ஸை அதற்குக் கீழே இறக்கினால் சரியான நிரல் தோற்கும்.

சிவப்பாக வந்தால் உடனே எண்ணைக் கூட்டாதீர்கள்

இந்தப் பகுதியை நான் அனுபவப்பட்டு எழுதுகிறேன். சில வருஷம் முன்னால், ஏக்கரை ஹெக்டராக மாற்றும் ஒரு டெஸ்ட் தோற்றது. டாலரன்ஸ் 10⁻⁶ இருந்தது. வேலை முடிக்கும் அவசரத்தில் 10⁻⁴ ஆக்கினேன், அப்போதும் சிவப்பு, 10⁻³ ஆக்கியதும் பச்சை, விட்டுவிட்டேன். பல மாதம் கழித்து உரம் கணக்குப் போடும்போது, 1,200 ஏக்கருக்கு 486 ஹெக்டர் வருகிறதே, ஆவணத்தில் 485.62 இருக்கிறதே என்று தோட்டத்துக் கிராணியம்மா கேட்டார். நிரலில் யாரோ ஓர் ஏக்கருக்கு 0.405 ஹெக்டர் என்று எழுதியிருந்தார்கள், சரியானது 0.40468564224. ஹெக்டருக்கு 136 மரம் என்று வைத்தால், இல்லாத ஐம்பது மரத்துக்கு உரம் கேட்டுக்கொண்டிருந்தோம். டெஸ்ட் தன் வேலையைச் சரியாகச் செய்தது, அதன் வாயை மூடியது நான்.

அன்று நான் செய்திருக்க வேண்டியது, வித்தியாசத்தை எதிர்பார்த்த எண்ணால் வகுத்துப் பார்ப்பது. அந்தப் பங்கின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும். 10⁻¹⁶, 10⁻¹⁵ என்று வந்தால் சாதாரண வெட்டுத்தான். 10⁻¹³, 10⁻¹² என்றால் நிறைய எண்களைக் கூட்டியிருப்பீர்கள், கீழ் எல்லையை மறுபடி கணக்குப் போடுங்கள். 10⁻⁷ பக்கம் வந்தால் டபுள் என்று நினைத்த பாதையில் எங்கேயோ ஒரு 32 பிட் எண் புகுந்திருக்கிறது, தரவுத்தளத்தின் ஒரு பத்தி, சென்சாரிலிருந்து வரும் கோப்பு, இப்படி ஏதாவது. எனக்கு வந்த மாதிரி பத்தாயிரத்தில் எட்டு என்று வந்தால் அது வெட்டு இல்லவே இல்லை, யாரோ ஒரு மாறிலியைச் சுருக்கி எழுதியிருக்கிறார்கள் அல்லது சூத்திரமே வேறு.

உங்கள் கணினியில் பச்சை, சர்வரில் சிவப்பு என்பதும் நடக்கும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் இந்த ஐந்துக்கும் ஒரே விடைதான் வர வேண்டும் என்று தரம் கட்டாயப்படுத்துகிறது, சைன், கொசைன் மாதிரியானவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, கடைசி இலக்கம் நூலகத்துக்கு நூலகம் மாறலாம். சில கம்பைலர்கள் பெருக்கிக் கூட்டுவதை ஒரே அடியில் செய்துவிடும், நடுவில் ஒரு வெட்டு குறையும். வேலையைப் பல திரெட்டில் பிரித்து ஒரே நேரத்தில் கூட்டினால் வரிசை மாறும், வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும். இவையெல்லாம் நியாயமான காரணங்கள், ஆனால் இவற்றால் வரும் வித்தியாசம் நீங்கள் போட்ட கீழ் எல்லையின் அளவிலேயேதான் இருக்கும். அதைவிட லட்சம் மடங்கு பெரிதாக வந்தால் சர்வர்மேல் பழி போடாமல் நிரலைத் திறந்து பாருங்கள்.

கடைசி வேலை: வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

பச்சை வந்ததும் நிரலை ஒரு நிமிடம் கெடுத்துப் பாருங்கள். ஆயிரம் நிறுவையில் ஒன்றில் மட்டும் 0.1 கிலோவைக் குறையுங்கள், டெஸ்ட் சிவப்பாக வேண்டும். மாறிலியின் நான்காவது இலக்கத்தை மாற்றுங்கள், அப்போதும் சிவப்பாக வேண்டும். ஆகவில்லை என்றால் டாலரன்ஸ் பெரிது, அல்லது டெஸ்ட்டுக்கு எடுத்த எண்கள் அந்தத் தவறைக் காட்டாதவை. அப்புறம் எதிர்ப்பக்கம், நிறுவைகளைத் தலைகீழ் வரிசையில் கூட்டிப் பாருங்கள், தரவு மாறவில்லை, வரிசை மட்டும் மாறியிருக்கிறது, பச்சையாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் டாலரன்ஸ் சின்னது.

தம்பியும் நானும் அன்று மத்தியானமே இதைச் செய்தோம். எடை டெஸ்ட் இரண்டு பக்கமும் தேறியது. விகித டெஸ்ட்டில் பழைய 0.01-ஐ வைத்துக்கொண்டே 0.52-ஐ 0.529 ஆக்கிக் காட்டினேன், பச்சை விளக்கு அப்படியே எரிந்தது, அவன் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். டீ வந்தது, குடித்துவிட்டு ஒவ்வொரு டெஸ்ட்டாகத் திறந்து எண்ணை மாற்றினான், ஒவ்வோர் எண்ணுக்கும் மேலே காரணத்தை எழுதினான். எடைக்கு அவன் எழுதிய வரி இது: "தராசு 0.1 கிலோ காட்டும், அது விட்டுப்போனால் பிடிக்கணும். 1,000 நிறுவை, 40,000 கிலோ, டபுளில் மோசமா 4.4 × 10⁻⁹ தவறும். நடுவில் 10⁻⁵ கிலோ. நிறுவை பத்தாயிரத்தைத் தாண்டினால் மறுபடி கணக்குப் போடவும்."